செட்டிக்குளத்திலிருந்து ராஜகிரிக்கு

“ஒரே நிமிஷம்ணா, பெல்ட்டு” என்று பேஸ் கிட்டார் தம்பி சொன்னதும் எங்கள் கீபோர்டுக்காரர் டீ குடிக்க இறங்கிவிடுவார். அவர் திரும்பி வரும்போதும் பெல்ட் வேலை நடந்துகொண்டிருக்கும்.

தம்பி செஞ்சிக்காரர் அல்லவா, உயரத்துக்கா பஞ்சம்? சில நாள் கிட்டார் எங்கள் கோட்டை மலை ராஜகிரியில், நெஞ்சுக்கு மேல். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி தூக்கித்தான் மாட்டுவாராம். மறுவாரம் சிட் விஷஸ் என்ற லண்டன் பையனின் படத்தைப் பார்த்துவிட்டு, முட்டிக்குப் பக்கத்தில், நேரே அடிவாரத்துச் செட்டிக்குளத்தில் இறங்கும். கெத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆழத்தில் முதல் ஃப்ரெட்டைப் பிடிக்க இடது மணிக்கட்டு துறட்டிபோல் மடங்க வேண்டும். இரண்டு சரணத்தில் கை கடுக்கும். உடனே பக்கத்து மலை கிருஷ்ணகிரிக்கு ஏற்றம்.

போதாததற்கு, கச்சேரிக்கென்றே தைத்த பளபள சாட்டின் சட்டை. மேலே நைலான் பெல்ட். நாலு கிலோ கிட்டார் வழுக்காமல் என்ன செய்யும்? அகலமான தோல் பெல்ட் வாங்கச் சொன்னால், “சட்டைக்கு மேட்ச் ஆவாதுண்ணா.”

உட்கார்ந்து மடியில் வைத்தால் எங்கே நிற்கிறதோ, எழுந்தாலும் அங்கேயே நிற்கும்படி பெல்ட்டை இறுக்கு. அவ்வளவுதான் சாஸ்திரம். ஆறு வருஷமாகச் சொல்கிறேன். தலையாட்டிக் கேட்டு, பெல்ட்டில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார். இப்போது ஏழு கோடுகள். இது மேல்மலையனூர் அமாவாசைக் கோடு, இது சிங்கவரம் கோடு, இது மச்சான் கல்யாணக் கோடு. எந்தக் கோடு எந்தப் பாட்டுக்கு என்று மேடையில் யோசிப்பார். 1714-இல் தேசிங்கு ராஜன் சேணத்தை இவ்வளவு நேரம் கட்டியிருந்தால் ஆற்காட்டு நவாப் அலுத்துப்போய் வீடு திரும்பியிருப்பார்.

இரவு 10 மணிக்கு மைக்கை அணைத்தாக வேண்டும். போன ஆடியில் ஒரு கோயிலில் இந்தப் பெல்ட் வேலையால் நாலு பாட்டு குறைந்தது என்று எண்ணிப் பார்த்துப் பணத்தைப் பிடித்தார்கள். என் பங்கிலும் பிடித்தார்கள். நான் தபேலா. எனக்குப் பெல்ட்டே கிடையாது.

இத்தனைக்கும் வீட்டுத் திண்ணையில் லுங்கியோடு உட்கார்ந்து, பெல்ட் ஒரு பக்கம் தொங்க, தொடையில் கிட்டாரைச் சாய்த்து இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்தார் என்றால், அந்த நாலு தந்தியும் நம் அடிவயிற்றில்தான் பேசும். ராஜாவின் பேஸ் கிட்டார்காரர் சசிதரன் ரெக்கார்டில் வாசித்ததைச் சுரம் பிசகாமல் எடுப்பார். தபேலாவில் கை வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வாரம் அப்படி ஒரு சாயங்காலம் சொல்லிவிட்டேன்: “மேடையிலயும் ஒரு நாற்காலி போட்டு உக்காந்துடேன் தம்பி.”

வெகுநேரம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

“நல்ல ஐடியாண்ணா. நாற்காலி எவ்ளோ உயரம் இருக்கணும்?”