ராணியைக் கொடுக்கலாமா?

கேள்வி: ஞாயிறு பேப்பரில் வரும் செஸ் புதிரை நானும் ஏழாவது படிக்கும் மகளும் சேர்ந்து போடுகிறோம். எடுத்த எடுப்பில் ராணியை வெட்டுக் கொடுக்கச் சொல்கிறாள். விளையாட்டுப் பிள்ளை என்று விட்டுவிடவா?
– ஒரு தகப்பன், விஸ்வநத்தம்

பதில்: விட்டால் நஷ்டம் உங்களுக்கு! உதாரணத்துக்கு இப்படி ஒரு நிலை: எதிரி ராஜா எச்8 மூலையில், முன்னால் இரண்டு சிப்பாய், எஃப்8-ல் யானை. உங்கள் குதிரை எச்6-ல். ராணி ஜி8-ல் போய் செக் வைக்கட்டும். குதிரை காவலுக்கு இருப்பதால் ராஜா தொட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டிய யானையே வழியை அடைத்துக்கொள்ளும். குதிரை எஃப்7-ல் குதித்தால் செக்மேட். சரவெடி மாதிரி, ஒன்று பற்றினால் அடுத்தது பற்றியே தீரும். சிவகாசிப் பக்கத்துக்காரருக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறதே!

ஆனாலும், ராணியைக் கொடுத்தபின் அடுத்து நகர்த்த வேண்டிய காய் எது என்று மகளைக் கேளுங்கள். முழித்தால், கொடுக்காதீர்கள்.

உங்களைப் போலவே சேர்ந்து புதிர் போட்ட இன்னொரு வீடும் உண்டு. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது, பகல் டி.வி.யில் வந்த புதிரை அம்மா சுசீலா எழுதி வைப்பார். பள்ளிவிட்டு வந்ததும் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு, புத்தகம். ஓயாமல் ஜெயித்ததால், ‘வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே’ என்று டி.வி.க்காரர்கள் கும்பிடு போட்டுவிட்டார்களாம். 1988-ல் அந்தச் சிறுவன்தான் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.