இரண்டு மணி என்றால் எட்டு மணி

"நாளைக்கு இரண்டு மணிக்கு வந்துடறேன்" என்று டிரைவர் தம்பி சொன்னபோது, அடிஸ் அபாபாக்காரர்கள் நிதானமானவர்கள் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை எட்டுக்கு ஓட்டல் அறையில் போன் அடித்தது. வண்டி வாசலில் நிற்கிறதாம். நான் தலையில் ஷாம்பூ நுரையோடு நின்றிருந்தேன்.

எத்தியோப்பியாவில் மணிக்கணக்கு விடியலில் ஆரம்பிக்கிறது. நம்முடைய ஏழு அவர்களுக்கு ஒன்று, எட்டு இரண்டு. "எங்க தாத்தா உதயாதி நாழிகைன்னுதான் கணக்குப் போடுவார். நடுராத்திரியில நாள் பொறக்கறதுதான் பைத்தியக்காரத்தனம்" என்றாள் மனைவி, புடவைக்கு ஊக்கு குத்தியபடி. வருஷமும் அங்கே ஏழெட்டு பின்னால்தான். மாதம் 13, கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாள். "அப்ப எனக்கு வயசு எட்டு குறையுமே" என்றேன். "பொறந்த வருஷமும் கூடவே பின்னாடி போகுமே" என்றாள். கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டவனுக்கு எந்த ஊர்க் காலண்டரும் உதவாது.

ஊர் ஊட்டியைவிட உயரம். தேசிய அருங்காட்சியகத்தின் படிகளில் எனக்கு மூச்சு வாங்கியது. தம்பிக்கும் வாங்கியது. நான் எதைக் கேட்டாலும் 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுத்தார். பாவம், இந்த வயதில் ஆஸ்துமா போலிருக்கிறது என்று விக்ஸ் டப்பாவை நீட்டினேன். வாங்கி முகர்ந்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே மனிதகுலத்தின் ஆதி மூதாதையான லூசிப் பாட்டி. 32 லட்சம் வயது, மூன்றரை அடி உயரம். 1974இல் ஹடாரில் கண்டெடுத்தவர்கள் முகாமில் லூசியைப் பற்றிய பீட்டில்ஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். அம்ஹாரிக்கில் அவள் 'திங்க்னெஷ்', அற்புதமானவள். கண்ணாடிக்குள் நிற்பது வார்ப்புதான், அசல் எலும்புகள் பெட்டகத்தில். உற்சவர் வெளியே, மூலவர் உள்ளே. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டைப் பற்றித்தான் எங்களுக்குப் பயம். சைவம் கிடைக்காதென்று பெட்டியில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் மட்டும் இரண்டு கிலோ. அன்று புதன்கிழமை. புதனும் வெள்ளியும் அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாள். இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. தாம்பாளம் அகலத்துக்கு இஞ்செரா விரித்து, அதன்மேல் காரமான மசூர் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை என்று குவியல் குவியலாக வைத்தார்கள். டெஃப் என்னும் பொடித் தானியத்தை அரைத்துப் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த தோசை. மனைவி ஒரு விள்ளல் வாயில் போட்டாள். "மாவு ஒரு நாள் கூடப் புளிச்சுடுத்து" என்றாள். அவள் வீட்டு மாவும் அப்படித்தான் என்பதை நான் சொல்லவில்லை.

மூன்று பேருக்கும் ஒரே தட்டு. எச்சில், பத்து என்று ஐம்பது வருஷமாகக் காத்த ஆசாரத்தை அவள் தட்டின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத கோடாகப் போட்டு வைத்திருந்தாள். தம்பி அதைத் தாண்டி வந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கவளம் உருட்டி என் வாயில் திணித்தார். குர்ஷா. அன்புக்கு அடையாளம், மறுத்தால் மரியாதையில்லை. அடுத்து அவள் எனக்கு ஊட்ட வேண்டும் என்று சைகை காட்டினார். கல்யாணத்தன்று பாலும் பழமும் ஊட்டியதோடு சரி. அக்கம்பக்கத்து மேஜைகள் பார்க்க, ஒரு விரலும் என் வாயில் படாமல் ஒரு கவளத்தை எறிந்தாள். கைதட்டினார்கள்.

பிறகு காபி. சாம்பிராணிப் புகைக்கு நடுவே கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, மண் கூஜாவில் கொதிக்கவிட்டு, பால் இல்லாமல், பொரித்த சோளத்தோடு மூன்று சுற்று. மூன்றாவது சுற்றுக்கு 'பரகா', ஆசீர்வாதம். அதற்கு முன் எழுந்திருக்கக் கூடாது. கும்பகோணம் டிகிரி காபிதான் உலகின் முதல் காபி என்று பேசி வந்தவன், காபி பிறந்த நாட்டில் வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.

அங்கேதான் காபி ஊற்றிய பெண்ணும் 'ஹக்' என்றாள். அந்த ஊரில் 'ஆமாம்' என்பதற்கு அப்படியும் மூச்சை இழுப்பார்களாம். விக்ஸ் டப்பாவை நினைத்துக்கொண்டேன்.

ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கு மூணு மணிக்கு" என்றார் தம்பி.

"உங்க மூணா, எங்க மூணா?"

"ஹக்" என்றார்.