உளுந்து டப்பாவுக்குப் பின்னால்

கல்யாணமாகி மூன்றாவது வருஷம். "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் மட்டும்தான். வெள்ளிக்கிழமை அரசமரத்தைச் சுற்றிவிட்டு வரச் சொன்னார் மாமியார். "அதுக்கெல்லாம் என்ன ஆதாரம் அத்தை?" என்றேன். எம்.எஸ்சி. படித்த திமிர்.

அதே வாரம், எந்த டாக்டரையும் கேட்காமல், கோ-என்சைம் க்யூ10 ஒரு டப்பாவும் வைட்டமின் ஈ இரண்டு அட்டையும் வாங்கினேன். கருமுட்டைக்குள் மைட்டோகாண்ட்ரியா ஏராளம், வயது ஏற ஏற அது பழுதாகும், ஆன்டிஆக்ஸிடன்ட் காப்பாற்றும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வைக்கூடப் புரட்டினேன். 63 சோதனைகள், 7,760 பெண்கள். பலன் இருக்கலாம் என்கிறது. 'இருக்கலாம்' வரை படித்து மூடிவிட்டேன். சான்றின் தரம் குறைவு, மிகக் குறைவு என்று அதிலேயே எழுதியிருந்ததைக் காசு கொடுத்த பிறகுதான் பார்த்தேன்.

க்யூ10 கொழுப்பில் கரைவது. சாப்பாட்டோடு போட வேண்டும். நான் இரண்டு மாதம் வெறும் வயிற்றில், கடுங்காப்பியோடு விழுங்கினேன். டப்பாவை உளுந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். பாதி நாள் மறந்தும்போகும். ஆனாலும் மாத்திரை மளமளவென்று குறைந்ததால், ஒழுங்காகத்தான் போடுகிறோம் என்று நம்பினேன்.

கடைசியில் டாக்டரிடம் போனபோது அட்டைகளை மேஜையில் பரப்பினேன், சீர்வரிசை மாதிரி. அவர் அவற்றைத் தொடவேயில்லை.

"ஃபோலிக் ஆசிட் போடுறீங்களா?"

இல்லை.

"வீட்டுக்காரருக்கு டெஸ்ட்?"

அதுவும் இல்லை.

கரு தங்கும் முன்பே ஃபோலிக் ஆசிட் தொடங்கினால் குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாடு குறையும் என்பதை பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சோதனை 1991லேயே காட்டிவிட்டது. எனக்கும் தெரியும். போடாததற்குக் காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது: அந்த மஞ்சள் மாத்திரை ரொம்ப மலிவு. அந்த விலைக்கு அது என்ன செய்துவிடும் என்ற நினைப்பு.

அன்று சாயங்காலம் டப்பாவைத் தூக்கிப்போட எடுத்தேன். அத்தை பதறி வந்தார்.

"அதை ஏம்மா எடுக்குற? ரெண்டு மாசமா தினம் ஒண்ணு போடுறேன். முட்டிவலி கொஞ்சம் தேவலை."

"ஆதாரம்?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. டப்பாவை அவரிடமே கொடுத்தேன்.