முள் காட்டினால் டேங்க் நிறையும்

1975-இல் வந்த ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல் 1000 தொலைதூரப் பயணத்துக்குப் பேர்போன வண்டி. அதன் பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. டேங்க் இருக்கவேண்டிய இடத்தில் டேங்க் மாதிரி ஒரு பெட்டி. பெட்ரோல் மீட்டர் அதன் உச்சந்தலையில். பிறவியிலேயே தோற்றத்தின் கட்சியில் சேர்ந்துவிட்ட அந்த மீட்டர், வயதான காலத்தில் பொய் சொல்கிறது என்று குறைப்படுவது என்ன நியாயம்?

டேங்க்குக்குள் ஒரு மிதவை ஏறி இறங்கும், அதற்கேற்ப மின்தடை மாறும், முள் நகரும். மிதவை மூழ்கலாம், கம்பிச்சுருள் தேயலாம், எர்த் வயரில் பச்சை பூக்கலாம். டேங்கிலிருந்து வரும் வயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பார், முள் மறுகோடிக்கு ஓடினால் மீட்டர் நல்லது, கோளாறு கீழே என்பார்கள் பழைய மெக்கானிக்குகள். பாதி வைத்தியம்! முள் நிறைவுக்கு ஓடியதும் வயரை அங்கேயே முறுக்கிவிட வேண்டியதுதானே? வண்டி நடுவழியில் நிற்குமே என்பார்கள். நிற்கட்டும், அது எஞ்சினின் ஒழுங்கீனம், மீட்டரைக் குறை சொல்லமுடியாது. கால் டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தள்ளும்போதும் முழு டேங்க்கோடு தள்ளுகிறோம் என்ற கௌரவம் மிஞ்சும். வெப்ப முள் சிவப்பைத் தொட்டால் அதன் வயரைக் கழற்றிவிடலாம். கொதிக்கிற எஞ்சின் கணத்தில் குளிர்ந்துவிடும்.

இதில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. யாராவது பெட்ரோலை உண்மையாகவே நிரப்பித் தொலைத்தால், மீட்டர் அன்றைக்குச் சரியாகக் காட்டிவிடும். உடனே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.