ஆட்டை விட்டாச்சு

மதுரையில் ஒரு வீடு கறியைக் குறைக்கிறது என்றால் அது முதலில் கறிக்கடை பாய்க்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் காணாமல், தெருவில் வண்டியை மறித்து, "என்ன சார், வீட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்றார். கொழுப்பு ஏறிவிட்டதைச் சொன்னேன். "அதுக்கு ஏன் சார் கறிய விடணும்? கொழுப்ப எடுத்துட்டுத் தர்றேன்" என்றார். டாக்டரைவிட அனுசரணையான மனிதர்.

லேப் தாளில் எல்.டி.எல். என்று போட்டு எதிரே தடித்த எழுத்தில் வந்த எண்ணை நான் மடித்துப் பையில் வைத்ததும், விடுதியிலிருந்து வந்திருந்த மகள் அதை எடுத்துப் படித்ததும்தான் வினை. இனிமேல் வீட்டில் முக்கால்வாசி செடி கொடியில் விளைவதுதான் என்று அறிவித்துவிட்டாள்.

அம்மாவுக்குச் சங்கதி பிடிபடவில்லை. "புரட்டாசிக்குத்தான் இன்னும் நாள் கெடக்கேடி!" விளக்கிச் சொன்னதும் கோபம் வந்தது. "பெருமாளுக்காக ஒரு மாசம் விடலாம். லேப்புக்காரனுக்காக எதுக்கு விடணும்?" நியாயமான கேள்விதான். புரட்டாசியில் எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. யாரும் இளைத்ததுமில்லை, அழுததுமில்லை. ஆனால் ஐப்பசி பிறந்து தீபாவளி காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு உண்டு என்ற நம்பிக்கையில் இருக்கிற விரதம் அது. முடிவுதேதி போடாத விரதத்தை எந்தச் சாமியும் கேட்டதில்லை என்பது அம்மாவின் கட்சி.

உண்மையில் ஆட்டை விடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. இட்லி, சாம்பார், ரசம், கீரை, சுண்டல் என்று வாரத்தில் பெரும்பகுதி எங்கள் அடுப்பு ஏற்கெனவே மகள் கட்சிதான். ஞாயிறு மதியம் மட்டும் சமாளிக்க வேண்டும். என் மனைவி சேனைக்கிழங்கை மீன் துண்டு கனத்துக்கு நறுக்கி, மஞ்சளும் புளித்தண்ணியும் விட்டு அரைவேக்காடு எடுத்து, மிளகாய்த்தூள், சோம்புப்பொடி பிரட்டி, தோசைக்கல்லில் ஓரம் முறுக வறுத்துப் போட்டாள். மகன் சத்தமில்லாமல் எனக்கு வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டான். மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பில் கருவாடு மட்டும்தான் வரவில்லை. மீல் மேக்கர் ஒன்றுதான் தோற்றது. நூறு கிராமில் 52 கிராம் புரதம் என்று மகள் பாக்கெட்டைக் காட்டினாள். அம்மா ஒன்றை விரலால் அமுக்கிப் பார்த்து, "பாத்திரம் தேய்க்கிறது மாதிரில்ல இருக்கு" என்றதோடு அதன் கதை முடிந்தது.

மாடுதான் மசியவில்லை. நாங்கள் ஆடு தின்கிற குடும்பம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். விடிந்தால் ஆவின் பாக்கெட்டில் கண் விழிக்கிற குடும்பம் என்று அப்போதுதான் தெரிந்தது. சூடான டிகாக்‌ஷனில் சோயா பாலை ஊற்றினால் புளிப்புக்குத் திரிந்து திப்பிதிப்பியாக மிதக்கிறது. ஆறவைத்து ஊற்றலாமே என்றாள் மகள். ஆறின காபியை இந்த வீட்டில் யார் குடிப்பது?

அடுத்தது கடலைத் தயிர். நிலக்கடலையை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, காய்ச்சி, இளஞ்சூட்டில் பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடினாள். உறைமோர் இல்லாமல் மிளகாய்க் காம்பில் தயிரா என்று சிரித்த அம்மா, விடியற்காலை எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்தாள். உறைந்திருந்தது! மோர்க்குழம்பு அதில் அமர்க்களமாக வந்தது. தயிர்சாதம் மட்டும் கடலைமிட்டாய் வாடை.

நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் என்று மகள் போட்ட திட்டத்தை டாக்டரே கவிழ்த்தார். செடியில் வந்ததெல்லாம் இதயத்துக்குச் சிநேகிதமில்லை. நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, தேங்காயெண்ணெயில் 90 சதவீதம்போல என்றார். "நெய்யே நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

கடைசியில் பாலைக் காப்பாற்றியதும் மகள்தான். பி 12 செடி கொடியில் கிடையாது, பாலில் உண்டு, அதனால் அளவோடு இருக்கட்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். இப்போது நாலு மணியானால் அடுப்படியைப் பார்த்து அம்மா குரல் கொடுக்கிறாள்: "அந்தப் பன்னெண்டை இன்னும் அரை டம்ளர் சேத்து ஊத்துத்தா."