12 புள்ளி விமானியின் விண்ணப்பம்

அனுப்புநர்
அகாடமி பைலட் (அட்டையில் பெயர் அச்சிடப்படவில்லை),
டை ஃபைட்டர், ஸ்டார் வார்ஸ் எக்ஸ்-விங் மேசை ஆட்டம், முதல் பதிப்பு.

பெறுநர்
விதிகளும் புள்ளிகளும் நிர்ணயிக்கும் மேலிடம்
(தற்போது யார் பொறுப்பில் இருந்தாலும்).

பொருள்: பெரிய கப்பல்கள் இனாமாக அனுபவித்துவரும் இடத்தை அளந்து தீர்வை விதிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2012-ல் ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது, முதல் பெட்டியில் ஒரு எக்ஸ்-விங்கோடு வந்த இரண்டு டை ஃபைட்டர்களில் ஒன்றை ஓட்டுபவன் நான். மேசை மூன்றடிக்கு மூன்றடி. ஆளுக்கு 100 புள்ளி. என்னைப் போல எட்டுப் பேரைத் திரட்டினால் 96 புள்ளி. மிச்சம் நாலில் டீ கூட வராது. எங்களுக்குக் கேடயம் இல்லை. மூன்று அடி விழுந்தால் கதை முடிந்தது. இதற்கெல்லாம் நான் மனு போடவில்லை. 12 புள்ளிச் சரக்கு 12 புள்ளிச் சரக்காகத்தான் இருக்கும்.

என் வழக்கு மில்லினியம் ஃபால்கன் பற்றியது. ஹான் சோலோ ஓட்டினால் 46 புள்ளி. உடல் 8, கேடயம் 5, ஆக 13 அடி தாங்கும். அதுவும் இருக்கட்டும், காசு கொடுத்து வாங்கிய பலம். காசு கொடுக்காமல் வாங்கியதைத்தான் கேட்கிறேன்.

என் அடித்தட்டு 40 மில்லிமீட்டர் சதுரம். அதன் அடித்தட்டு 80. நகர்த்தும்போது அளவுகோலை அடித்தட்டின் முன்விளிம்பில் வைத்து, கப்பலைத் தூக்கி அளவுகோலின் மறுமுனைக்கு அப்பால் வைக்கச் சொல்கிறது விதி. அதாவது ஒவ்வொரு நகர்விலும் கப்பலின் சொந்த நீளமும் தூரத்தில் சேர்ந்துவிடுகிறது. என் உச்ச வேகம் 5: அளவுகோல் 200, என் நீளம் 40, மொத்தம் 240. கிழட்டுச் சரக்குக் கப்பலான ஃபால்கனின் உச்ச வேகம் 4: அளவுகோல் 160, அதன் நீளம் 80, மொத்தம் 240. பேரரசின் போர் விமானமும் கடத்தல்காரனின் சரக்கு வண்டியும் ஒரே வேகம்! நான் பயிற்சிப் பள்ளியில் கணக்கில் சுமார்தான். ஆனாலும் இந்தக் கூட்டலை யாரும் கூட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன்.

சரி, வேகத்தில்தான் சமம், பின்னால் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்றால், அதற்குப் பின்பக்கம் என்று ஒன்றே கிடையாது. மேலே இருக்கும் பீரங்கி நாலா பக்கமும் சுடும். நான் மூக்குக்கு நேரே மட்டும் சுடுவேன். எதிரியின் முதுகைப் பிடிப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று விதிப்புத்தகம் படித்து நம்பியவர்கள் நாங்கள் எட்டுப் பேரும்.

இதற்கு மேல் ஃபால்கனில் ஏறிக்கொள்ளும் சி-3பிஓ என்ற தங்க நிற ஜோசியர் வேறு. தற்காப்புப் பகடை உருட்டும் முன் எத்தனை தப்பித்தல் விழும் என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னது பலித்தால் ஒரு தப்பித்தல் இலவசம். ஃபால்கன் உருட்டுவது ஒரே பகடை. அவர் எப்போதும் "பூஜ்யம்" என்கிறார். பூஜ்யம் விழுந்தால் வாக்குப் பலித்தது, ஒரு தப்பித்தல். பூஜ்யம் விழவில்லையென்றால் பகடையிலேயே ஒரு தப்பித்தல் விழுந்துவிட்டது என்று பொருள். இப்படித் தோற்கவே முடியாத ஜோசியம் எந்த ஊர்க் கோயில் வாசலிலும் கிடைக்காது. சுற்றுக்கு ஒரு முறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் இரண்டு பகடையில் சராசரியாக விழுவதே ஒரு அடிதான், ஐயா.

இவ்வளவையும் மீறி நாங்கள் அதை 12 அடி அடித்து, ஒரே ஒரு உயிரோடு மேசை ஓரமாக விரட்டுகிறோம் என்று வையுங்கள். மணி அடிக்கிறது. போட்டி நடுவர் எங்களுக்கு எழுதும் புள்ளி: சுழியம். முழுதாகச் சாகாத கப்பலுக்கு மதிப்பெண் இல்லை என்பதுதான் அப்போதைய விதி. எங்கள் பக்கம் செத்த ஒவ்வொருவனுக்கும் 12 புள்ளி அவர்கள் கணக்கில் ஏறிவிட்டது. எங்களைச் சில்லறையாக மாற்றலாம். அது மட்டும் கிழிக்க முடியாத நோட்டு.

பெரிய உருவத்தின் மேல் எனக்குப் பொறாமை என்று மேலிடம் நினைக்க வேண்டாம். 2014-ல் வந்த சிஆர்90 கார்வெட்டைப் பாருங்கள். இரண்டு அட்டை, முன்பாதி 50, பின்பாதி 40 புள்ளி. அது எங்கள் மேல் வந்து ஏறினால் அந்த இடத்திலேயே நாங்கள் காலி. பகடை கூட உருட்ட வேண்டியதில்லை. ஆனாலும் அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்கென்று மூன்றடிக்கு ஆறடி மேசை போட்டீர்கள். எரிசக்தியை எண்ணி எண்ணிச் செலவழிக்க வைத்தீர்கள். எங்கே போகப்போகிறது என்று குழந்தைக்கும் தெரியும்படி மெதுவாகத் திரும்ப வைத்தீர்கள். யானை யானையாக நடந்துகொள்கிறது. ஃபால்கன் விஷயத்தில்தான் யானைக்கு முயல்கால் மாட்டிவிட்டீர்கள்.

(மாதிரியின் உருவமே அளவுக்கு உட்பட்டதல்ல என்பதும் தெரியும். எங்களுக்குச் சொல்லப்படும் 1:270 விகிதத்தில் 150 மீட்டர் கார்வெட்டைச் செய்தால் அரை மீட்டரைத் தாண்டும், சுருக்கித்தான் விற்றீர்கள். 1,600 மீட்டர் ஸ்டார் டெஸ்ட்ராயரை அதே விகிதத்தில் செய்தால் ஏறக்குறைய ஆறு மீட்டர், கல்யாண மண்டபம்தான் பிடிக்க வேண்டும். அதனால் அவற்றுக்கு ஆர்மடா என்று தனி ஆட்டமே தொடங்கினீர்கள். அங்கும் 400 புள்ளி ஆட்டத்துக்கு 411 புள்ளியில் ஒரு கப்பல் விட்டது யார் யோசனை என்று கேட்க எனக்கு அதிகாரமில்லை.)

மேலிடம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். பெரிய கப்பல் பாதி அடிபட்டால் பாதிப் புள்ளி என்று பிற்பாடு ஆணை வந்தது. 2016-ல் பெரிய அடித்தட்டு ஜம்ப்மாஸ்டர்கள் மூன்று மூன்றாக வந்து டார்பிடோவால் ஊரைக் கொளுத்தியபோது, அதற்குத் துணைபோன டெட்ஐ திறன் இனிச் சிறிய கப்பல்களுக்கு மட்டும் என்று திருத்தினீர்கள். 2018-ல் இரண்டாம் பதிப்பில், ஃபால்கன் தன் பீரங்கியைத் திருப்ப ஒரு செயலைச் செலவழிக்க வேண்டும் என்றானது. அன்று நாங்கள் எட்டுப் பேரும் அழுதோம். அதே பதிப்பில் பாதிப் புள்ளி விதியை எங்களுக்கும் சேர்த்தே நீட்டிவிட்டீர்கள். நியாயம் கேட்டவனுக்கும் ஒரு கரண்டி.

ஆனால் அடித்தட்டுக் கணக்கு அப்படியே இருக்கிறது. பெரிய தட்டு எளிதில் விண்கல்லில் முட்டும், எங்கள் சுடுகோணத்தில் எளிதில் விழும், அதுவே போதிய தண்டனை என்று எதிர்த்தரப்பு வாதாடும். விண்கல்லில் எப்போதாவதுதான் முட்டுகிறது. அந்த 40 மில்லிமீட்டர் மட்டும் ஒவ்வொரு நகர்விலும் கிடைக்கிறது.

பிற்பாடு பொறுப்பேற்ற அட்டாமிக் மாஸ் கேம்ஸ் நிறுவனம் 2024-ல் இந்த ஆட்டத்தின் வளர்ச்சிப் பணியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால், இந்த மனு எந்த மேசைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஆட்டத்தைக் கைவிடாமல் இன்னும் மேசை போடும் ஆட்டக்காரர்களே, இனி மேலிடம் நீங்கள்தான். அடுத்த புள்ளிப் பட்டியலைத் திருத்த உட்காரும்போது, கையில் ஒரு அளவுகோலையும் எடுத்துக்கொண்டு உட்காருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அகாடமி பைலட் (எட்டில் ஒருவன்)

இணைப்பு: முறிந்த பிளாஸ்டிக் தாங்குகுச்சி 1. பசை போட்டு ஒட்டப்பட்டுள்ளது.