காயலான் கடைக் கோடிகள்: சித்தப்பா பதில்கள்

கே: ஆட்டக்காரர் படம் போட்ட ஒரு துண்டு அட்டையைக் கோடிக்கணக்கில் வாங்குகிறார்களாமே, நிஜமா சித்தப்பா?
– ஆச்சரியம் தாங்காதவர், தென்காசி

ப: நிஜம். 1952-இல் டாப்ஸ் கம்பெனி பபிள்கம்மோடு கொடுத்த மிக்கி மேன்டில் பேஸ்பால் அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் சுமார் 100 கோடி ரூபாய். பபிள்கம்மை மென்று அட்டையை வீசியவருக்கு மிஞ்சியது சொத்தைப் பல்.

கே: அந்த ஓர் அட்டைக்கு மட்டும் ஏன் இத்தனை மவுசு?
– விடாக்கண்டர், விருதுநகர்

ப: அந்த வருஷத் தொகுப்பில் 407 அட்டைகள். 311-இலிருந்து தொடங்கும் கடைசித் தவணை, சீசன் முடிகிற நேரத்தில்தான் கடைக்கு வந்தது. பையன்கள் அதற்குள் ஃபுட்பாலுக்குத் தாவிவிட்டார்கள். விற்காத பெட்டிகள் கிடங்கை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1960-இல், அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லான்டிக்கில் கொட்டிவிட்டு வந்தார். மேன்டிலின் எண் 311. மீனுக்குப் போட்டது போக மிஞ்சியதற்குத்தான் இந்த விலை!

கே: மேன்டிலின் முதல் அட்டை அதுதானே?
– புள்ளிவிவரப் புலி, புதுக்கோட்டை

ப: இல்லை. 1951-இல் போமன் கம்பெனி போட்டதுதான் முதல். ஆனால் விலையில் இளையவர்தான் எங்கோ போய்விட்டார். மூத்தவருக்கு மரியாதை, இளையவருக்குச் சொத்து. சில வீடுகளில் அப்படித்தான்.

கே: மேன்டிலின் விலைச் சாதனை இன்னும் நிற்கிறதா?
– அவரே, மறுபடியும்

ப: அட்டையில் 2025 ஆகஸ்டு வரை நின்றது. மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவரும் கையெழுத்திட்ட கூடைப்பந்து அட்டை ஒன்று 1.29 கோடி டாலருக்குப் போய் அதைத் தாண்டியது. ஒருவரை வெல்ல இரண்டு பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

கே: என் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டுகளை எல்லாம் அம்மா குப்பையில் போட்டுவிட்டார். நஷ்டஈடு கேட்கலாமா?
– ஆறாத மனம், மதுரை

ப: காலில் விழுந்து கும்பிடுங்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். பாதி அட்டைகளைப் பையன்கள் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிக் கிழித்தார்கள். மீதியை அம்மாக்கள் கூட்டித் தள்ளினார்கள். அதனால்தான் தப்பிப் பிழைத்ததற்கு விலை. இந்த வியாபாரத்துக்கே அஸ்திவாரம் போட்டவர்கள் அம்மாக்கள். இன்றுவரை யாரும் அவர்களுக்குக் கமிஷன் கொடுத்ததில்லை.

கே: நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன், 1990-இல் வாங்கிய பேஸ்பால் அட்டைப் பெட்டிகளைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார். ரிடையர்மென்டுக்கு ஆகுமா?
– பாசமுள்ள தம்பி, பாளையங்கோட்டை

ப: குளிர்காலத்தில் கணப்புக்கு ஆகும். 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் கம்பெனிகள் அட்டைகளை அச்சடித்துக் குவித்தன. 'நாளைக்கு விலை ஏறும்' என்று வாங்கியவர்கள் எல்லாருமே பத்திரப்படுத்தினார்கள். ஒருவர் பத்திரப்படுத்தினால் பொக்கிஷம்; ஊரே பத்திரப்படுத்தினால் ஸ்டாக்!

கே: ஹோனஸ் வாக்னர் அட்டை கிடைத்தால் வாழ்க்கையில் செட்டிலாகிவிடலாம் என்கிறார்களே?
– கனவுக்காரர், கரூர்

ப: கிடைத்தால்! 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டில் வைத்த பேஸ்பால் அட்டைகளில் ஒன்று அது. வாக்னர் ஆட்சேபித்ததால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இன்று ஏறக்குறைய 60 தேறும். புகையிலை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று மறுத்தார் என்பது ஒரு கட்சி. காசு தரவில்லை என்று மறுத்தார் என்பது எதிர்க்கட்சி. 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 'வேண்டாம்' என்றவருக்குத்தான் விலை. சம்பளம் பேசப் போகும் தம்பிகள் கவனிக்க.

கே: சிகரெட் பாக்கெட்டுக்குள் அட்டைக்கு என்ன வேலை?
– புகைக்காதவர், புதுச்சேரி

ப: சிகரெட் நசுங்காமல் இருக்க முட்டுக்கொடுத்தது. பிறகு அதிலேயே படம் போட்டார்கள். சிகரெட் புகையாகிப் போனது, முட்டுக்கொடுத்தது கோடீஸ்வரன் ஆனது. அரசியலில் உதாரணம் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

கே: இந்த அட்டைகளுக்கு எண், பட்டியல் எல்லாம் போட்டது யார்?
– ஓய்வுபெற்ற நூலகர், தஞ்சாவூர்

ப: ஜெஃபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தோடு வாழ்ந்த பிரம்மச்சாரி. வாக்னர் அட்டை இடம்பெற்ற தொகுப்புக்கு 'டி206' என்று எண் கொடுத்தவர் அவர்தான். தன்னிடமிருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் காகிதங்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் ஆளும் போய்விட்டார். லாபத்துக்காகச் சேர்க்காத அந்த மனிதரைத்தான் இந்த வியாபாரம் 'தந்தை' என்று கொண்டாடுகிறது. இதுவும் நமக்குப் பழக்கப்பட்டதுதான்.

கே: நம் கிரிக்கெட்காரர்களுக்கு அட்டை யோகம் இல்லையா?
– தேசபக்தர், தேனி

ப: உண்டு. 1900-ஐ ஒட்டிய பிரிட்டிஷ் சிகரெட் அட்டைகளிலேயே ரஞ்சித்சிங்ஜி நிற்கிறார். நம் தலைமுறைக்கு பிக் ஃபன் பபிள்கம் அட்டை. ஒவ்வொன்றிலும் ரன் போட்டிருக்கும். சேர்த்துக் கொடுத்தால் பரிசு. நாமும் சேர்த்தோம், கொடுத்தோம், பரிசு வாங்கினோம், அதையும் தொலைத்தோம். ஆகவே தப்பிய அட்டையைச் சந்தையில் பார்த்தால் மடக்குங்கள்.

கே: மூர் மார்க்கெட் இருந்திருந்தால்...
– பழைய மெட்ராஸ்காரர், பெரம்பூர்

ப: பெருமூச்சு விடாதீர்கள், 1985 மே 30-ஆம் தேதி தீ எல்லாவற்றையும் முடித்துவிட்டது. இப்போது அங்கே புறநகர் ரயில் நிலையம். அந்த இடத்தில் பேரம் பேச முடியாமல் விற்கப்படும் ஒரே பொருள், டிக்கெட். நீங்கள் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போங்கள்.

கே: சந்தைக்கு எத்தனை மணிக்குப் போவது உத்தமம்?
– அலாரம் வைப்பவர், ஆவடி

ப: நல்ல சரக்கு வேண்டுமென்றால் போணி ஆவதற்கு முன். அமெரிக்காவில் பிரிம்ஃபீல்டு என்ற ஊரில் 1959-லிருந்து நடக்கும் பழம்பொருள் சந்தைக்கு இருட்டோடு டார்ச் அடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. விலை குறைய வேண்டுமென்றால் கடை கட்டுகிற நேரம். இரண்டும் வேண்டுமென்றால் கடைக்காரருக்கு மருமகனாகப் போங்கள்.

கே: 'ரொம்பப் பழசு சார்' என்று சொல்லியே விலை ஏற்றுகிறார்களே?
– ஏமாளி, ஈரோடு

ப: பழசு என்பது வயசு, விலை அல்ல. கிடைக்காததாக இருக்க வேண்டும், நாலு பேர் தேட வேண்டும், நல்ல நிலையில் இருக்க வேண்டும். உங்கள் தாத்தா கட்டிய கரண்டு பில்லும் பழசுதான். கொண்டு போய்க் கொடுத்து அவர் என்ன தருகிறார் என்று பாருங்கள்.

கே: 1983 உலகக்கோப்பை அணி மொத்தமும் கையெழுத்திட்ட பேட், 600 ரூபாய்க்கு வாங்கினேன். அதிர்ஷ்டம்தானே?
– குதூகலக்காரர், கோவை

ப: கடைக்காரருக்கு. பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோடு புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. மை ஒன்று, அழுத்தம் ஒன்று, சாய்வு ஒன்று என்றால் கையும் ஒன்று. 14 பேருக்குள் அவ்வளவு ஒற்றுமை எந்த இந்திய அணியிலும் இருந்ததில்லை.

கே: கள்ளக் கையெழுத்து நம் ஊரில் மட்டும்தானா?
– நியாயவாதி, நாகர்கோவில்

ப: அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்று பெயர் வைத்து வலைவீசிப் பிடித்த அளவுக்கு உண்டு. அகப்பட்ட சரக்கில் அன்னை தெரசா 'கையெழுத்திட்ட' பேஸ்பாலும் இருந்தது. அவர் எந்த அணிக்கு ஆடினார் என்று போலிக்காரர்களை யாரும் கேட்கவில்லை போலும்.

கே: சான்றிதழோடு தருகிறார்களே?
– மறுபடியும் குதூகலக்காரர், கோவை

ப: கையெழுத்தையே போட்டவருக்குச் சான்றிதழ் போடத் தெரியாதா?

கே: பழைய அட்டை அசலா, போலியா? ஏதாவது ஒரு வழி சொல்லுங்கள்.
– மாணவர், மயிலாடுதுறை

ப: இரண்டு சொல்கிறேன். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ்: 1950-களுக்குப் பிந்திய அட்டைகளில் படம் வண்ணப் புள்ளிகளாகவும், எழுத்து கெட்டி மையாகவும் இருக்க வேண்டும். எழுத்தும் புள்ளியாகச் சிதறினால் அது அட்டையைப் படமெடுத்துச் செய்த அட்டை. அடுத்தது, கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கு: உலகப்போருக்கு முந்தியது என்று சொல்லும் அட்டை பளீரென்று ஒளிர்ந்தால் கீழே வைத்துவிடுங்கள். தாளை வெளுப்பாக்கும் அந்த ரசாயனம் பிற்பாடு வந்தது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போலத்தான். என்ன, இங்கே சாணி மிதிக்க வேண்டாம்.

கே: மைக்கேல் ஜோர்டனின் 1986 ஃப்ளியர் அட்டை 500 ரூபாய்க்குச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?
– கூடைப்பந்து ரசிகர், குன்னூர்

ப: போலிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த அட்டைகளில் அதுவும் ஒன்று. ஜோர்டன் அந்தரத்தில் நிற்பார். நீங்கள் தெருவில் நிற்காமல் இருந்தால் சரி.

கே: அட்டையின் ஓரம் நைந்திருக்கிறது. லேசாக நறுக்கி நேராக்கலாமா?
– கத்தரிக்கோல் கையர், காரைக்குடி

ப: கோடி ரூபாய் கத்தரிக்கோல் கதை ஒன்று உண்டு. 1991-இல் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் பங்காளி ப்ரூஸ் மக்நாலும் 4,51,000 டாலருக்கு ஒரு வாக்னர் அட்டை வாங்கினார்கள். தரம் பார்த்துச் சான்று தரும் பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலாகத் தரம் போட்டதே அதற்குத்தான்: பத்துக்கு எட்டு. ஓரத்தை நறுக்கியது தான்தான் என்று ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ ஒப்புக்கொண்டது 2013-இல். பிள்ளையார் சுழியே கத்தரித்த சுழி!

கே: அந்தப் பத்துக்குப் பத்து எப்படி வாங்குவது?
– முதல் மாணவியின் தந்தை, நாமக்கல்

ப: படம் நடுவில் நிற்க வேண்டும், முனை, விளிம்பு, மேற்பரப்பு மூன்றிலும் ஒரு கீறல் கூடாது. அதாவது எந்தச் சிறுவன் கையிலும் படாமல் இருந்திருக்க வேண்டும். விளையாடாதவனுக்கு முதல் பரிசு கொடுக்கும் ஒரே விளையாட்டு இதுதான்.

கே: எப்படிப் பாதுகாப்பது? லாமினேஷன் போடலாமா?
– ஜாக்கிரதைப் பேர்வழி, ஜோலார்பேட்டை

ப: மார்க் ஷீட்டைக் கெடுத்தது போதாதா? லாமினேஷன், செல்லோடேப், ரப்பர் பேண்ட் மூன்றும் அட்டைக்கு எமன். மலிவான பிவிசி உறை நாளடைவில் ஒட்டிக்கொண்டு உரிக்கும். அமிலமில்லாத உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிற்கவையுங்கள். இவ்வளவும் செய்தபின் வெற்றிலைக் கையோடு எடுத்துக் காட்டாதீர்கள்.

கே: பிராட்மேன் தொப்பி, வார்ன் தொப்பி. எது உசத்தி?
– டெஸ்ட் வெறியர், திருவல்லிக்கேணி

ப: 2020 ஜனவரியில் காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஷேன் வார்ன் கொடுத்த தொப்பி 10,07,500 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. அதே டிசம்பரில் பிராட்மேன் 1928-இல் முதல் டெஸ்டுக்கு வாங்கிய தொப்பிக்குக் கிடைத்தது 4,50,000. சராசரி 99.94 வைத்திருந்தும் பெரியவர் சுழலில் சிக்கிவிட்டார்.

கே: மரடோனாவின் 'கடவுளின் கை' சட்டையால் லாபம் அடைந்தது யார்?
– கால்பந்து பக்தர், காயல்பட்டினம்

ப: இங்கிலாந்து ஆட்டக்காரர் ஸ்டீவ் ஹாட்ஜ். 1986 உலகக்கோப்பை ஆட்டம் முடிந்ததும் சட்டை மாற்றிக்கொண்டவர். 2022-இல் அது 71 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. இதில் வேடிக்கை, அந்தப் பந்தைத் தன் கோல்கீப்பர் பக்கம் தவறாகத் தூக்கி அடித்து மரடோனாவின் கைக்கு வேலை கொடுத்தவரும் ஹாட்ஜ்தான். தப்புக்குத் தண்டனை கிடைப்பது சினிமாவில் மட்டும்.

கே: கோடியெல்லாம் நமக்கு எட்டாது. நம் ஊரில் எதைத் தேடலாம்?
– நடுத்தர வர்க்கம், நங்கநல்லூர்

ப: தூக்கிப் போட்ட காகிதங்களை. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்தியதுதான் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. 1986 செப்டம்பரில் அதே மைதானத்தில் ஆஸ்திரேலியாவோடு டை. அந்த ஆட்டங்களின் டிக்கெட், ஸ்கோர் கார்டு, மலர் எது கிடைத்தாலும் விடாதீர்கள். 1952-இல் வினு மாங்கட் எடுத்தது 12 விக்கெட். உங்கள் தாத்தா எடுத்து வைத்தாரா ஒரு டிக்கெட்?

கே: மனைவிக்குத் தெரியாமல் சேர்க்கிறேன். பாவமா?
– பெயர் வெளியிட விரும்பாத கணவர், திருச்சி

ப: தெரியாது என்று யார் சொன்னது? பழைய பேப்பர்காரருக்கு அவர் நாள் குறித்தாகிவிட்டது.

கே: பரணில் புதையல் கிடைப்பதெல்லாம் உண்மையா?
– சோம்பேறி, சோழவந்தான்

ப: 2012-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், தாத்தா வீட்டுப் பரணில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே 1910-ஐ ஒட்டிய சுமார் 700 பேஸ்பால் அட்டைகள், நூறு வருஷமாகியும் புத்தம்புதுசாக. அட்டை கிடைத்தது அதிசயமில்லை. யாரோ ஒருவர் பரணை ஒழித்தாரே, அதுதான் அதிசயம். நீங்களும் ஏறுங்கள்.

கே: கடைசியாக, இன்று எதைச் சேர்த்தால் நாளை கோடி?
– அவசரக்காரர், அரக்கோணம்

ப: 'சேகரிப்பாளர்களுக்கான சிறப்புப் பதிப்பு' என்று எதன்மேல் அச்சடித்திருக்கிறதோ அதைத் தொடாதீர்கள். ஒருத்தரும் சீந்தாததைப் பாருங்கள். இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: படித்து முடித்ததும் தவறாமல் பஜ்ஜி எண்ணெய் ஒற்றுங்கள். நீங்கள் எல்லாரும் ஒற்றினால்தான் நான் பீரோவில் வைத்திருக்கும் பிரதிக்கு விலை.